திறக்காத கதவு, தூரக்காட்சியில்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். கடைசிக் காட்சியில் அந்த மனிதரின் தனிமை எப்படி இவ்வளவு உண்மையாக வந்தது என்று. ஒளிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

தனிமையைக் காட்டப் பலரும் முகத்துக்குக் கிட்டப் போவார்கள். அது பிழை. தள்ளி நிற்க வேண்டும். சுவரும் கதவும் பெரிதாக இருக்க, ஆள் ஒரு மூலையில் சிறிதாகத் தெரிய வேண்டும். இசை கூடாது. அடுத்த வீட்டுப் பாத்திரச் சத்தம் போதும்.

நடித்த சுந்தரலிங்கம் ஓய்வுபெற்ற ரயில்வே லிகிதர். மனைவி போனபின் கண்டியில் தனியாக இருந்தார். ஆனால் தனிமை அவர் முகத்தில் ஒட்டவில்லை. அதுதான் எனக்குக் கரைச்சல். காரணம் பக்கத்து வீட்டு ஹலீம். நோன்பு மாதம் முழுக்க மதிலுக்கு மேலால் கஞ்சிக் கோப்பை வரும். எண்பத்து மூன்றாம் ஆண்டு நோன்பில் அதை நிறுத்தும்படி ஹலீமை இரகசியமாகக் கேட்டேன். மனமில்லாமல்தான் சம்மதித்தார். பின்னேரங்களில் சுந்தரலிங்கம் மதிலடியில் போய் நின்றுவிட்டுத் திரும்புவார். முகம் மெல்ல மெல்லப் பதத்துக்கு வந்தது.

கடைசிக் காட்சியில் அவர் ஹலீமின் கதவைத் தட்டவேண்டும். நான் எதிர்வீட்டு மாடியிலிருந்து வெள்ளைக் கைலேஞ்சியைக் காட்டும்வரை, அவர் என்ன சொன்னாலும் திறக்கக்கூடாது என்பது ஹலீமோடு செய்த ஏற்பாடு. பெருநாள் முடிந்தும் எடுத்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தடவையும் மனிதர் நடித்தார். எனக்கு நடிப்பு வேண்டியிருக்கவில்லை.

யூலைக் கடைசியில் ஒரு பகல், கமராவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது நகரப் பக்கம் தமிழர் கடைகள் எரியும் புகை எழுந்தது. ஒழுங்கை வளைவில் பொல்லு தடிகளோடு ஆட்கள் ஏறிவருவது மாடியில் எனக்குத் தெரிந்தது. ஹலீமின் வீட்டுக்குள்ளிருந்து அது தெரியாது. நான் நின்றது சிங்கள நண்பர் ஒருவரின் வீடு, எனக்குப் பயமில்லை. சுந்தரலிங்கம் ஓடிவந்து தட்டினார்.

"ஹலீம், கதவைத் திறவுங்கோ. இது படமில்லை. உண்மையா வாறாங்கள்."

யன்னல் சீலை விலகியது. ஹலீம் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

கைலேஞ்சி என் சட்டைப் பையில் இருந்தது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய கதவு, அதில் அவ்வளவு சிறிய முதுகு. ஆட்கள் காட்சிக்குள் வரும்வரை நான் கையை அசைக்கவில்லை. அவர்கள் வந்தபின் நடந்ததை வெட்டிவிட்டேன். படத்துக்கு அது தேவைப்படவில்லை.

ஹலீம் இப்போதும் என்னைக் கண்டால் அழுகிறார். "நான் தொறந்திருக்கணும், சேர்," என்கிறார். கமராவில் கண் வைத்திருந்ததால் நானும் ஆட்களைக் காணவில்லை என்று சொல்லி அவரைத் தேற்றுகிறேன்.

நீங்களும் அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். நல்ல மனிதர், உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார். அவருக்காகத்தான் இவ்வளவு காலமும் சொல்லாமல் இருக்கிறேன்.