ஹாரன் அடிக்காத நாள்

– ஹாரன் அடிச்சியா, அடிக்கலையா? முதல்ல அதைச் சொல்லு.

– என்னங்க இது... ஷூவையாவது கழட்ட விடுங்க.

– கழட்டிக்கிட்டே சொல்லு. வாய்க்கும் ஷூவுக்கும் என்ன சம்பந்தம்?

– டீ கொடுங்க, சொல்றேன்.

– கொதிக்குது, கொதிக்குது. என் நெஞ்சும்தான் கொதிக்குது. சொல்லும்மா.

– அடிக்கல. காலைல வண்டி எடுத்ததுலருந்து ஒரு தடவைகூட அடிக்கல. போதுமா?

– அப்படிப் போடு! ஊர்ல நீ பஸ் எடுத்தா தெருக்கோடியில இருக்கிறவன்கூட காதைப் பொத்திக்குவான்...

– அங்க அடிக்கலைன்னாதானே திட்டுவாங்க? வளைவுல அடிக்கணும், முந்தினா அடிக்கணும். எதிர்ல நம்ம டிப்போ வண்டி வந்தா வணக்கத்துக்கு ஒண்ணு அடிக்கணும். அத்தனை வருஷக் கைப்பழக்கம், விமானம் ஏறினதும் விட்டுப்போயிடுமா?

– அதான் போன வாரம் அந்த சைக்கிள்காரன்...

– அதை ஏன் இப்ப ஞாபகப்படுத்தறீங்க! "பின்னாடி வரேன், பார்த்துப் போப்பா"ன்னு சொல்றதுக்குத்தான் லேசா ஒரு தட்டு தட்டினேன். இங்க ஹாரன் அடிச்சா திட்டறதா அர்த்தமாம், நான் திட்டிட்டேன்னு அவன் சைக்கிளை நடுரோட்ல போட்டுட்டுக் கத்தறான்! பயிற்சிக்காரர் இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

– இன்னொரு புகார் வந்தா...

– ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. ஷெட்ல வண்டி கழுவிக்கிட்டு இருக்கணும். இல்ல, மூட்டையைக் கட்டணும்.

– உன்னால முடியும்னு நான் சொன்னேன்ல?

– சொன்னீங்க, சோபாவுல சாஞ்சுக்கிட்டு. ரோடு அந்தப் பக்கம், கதவு இந்தப் பக்கம், எல்லாம் நம்ம ஊருக்குத் தலைகீழ், இன்னைக்குப் பக்கத்துல பயிற்சிக்காரரும் கிடையாது... தனியா உக்காந்தவளுக்குத்தான் தெரியும். ஆமா, டீயில சர்க்கரை போட்டீங்களா?

– போட்டேன். நல்லாக் கலக்கு. இருந்தாலும் பெரிய ஆளுடி நீ. பாலத்துக்கிட்ட அந்த நாய் குறுக்க ஓடினப்பகூட கை ஹாரனுக்குப் போகலையே! என்ன பாக்கற?

– நாய் ஓடினதை நான் சொல்லவே இல்லையே.

– அது... நாய்னா ஓடத்தானே செய்யும்.

– பாலத்துக்கிட்டயா?

– எங்க வேணா ஓடும். நாய்தானே, அதுக்கென்ன ஸ்டாப்பா இருக்கு?

– சரி. இன்னைக்குப் பூரா நீங்க என்ன பண்ணீங்க?

– வீட்டுலதான். துணி துவைச்சேன், பாத்திரம் கழுவினேன்...

– துணி துவைச்சீங்களா? அப்ப அந்த மூலையில மலை மாதிரி கிடக்கிறது என்ன?

– அது... நாளைக்குத் துவைக்கறது.

– மழைக்கோட்டு ஏன் சொட்டிக்கிட்டு இருக்கு?

– நீ டிரைவரா, போலீஸா?

– டிரைவர்தாங்க. கண்ணாடி பார்க்காம வண்டி ஓட்டற டிரைவர் உண்டா? கடைசி சீட்ல ஒருத்தர், வண்டிக்குள்ளயே மழைக்கோட்டுத் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு... அந்த மூக்கை எனக்கு அடையாளம் தெரியாதா?

– ...பார்த்துட்டியா?

– நடுவாசல் வழியா ஏறினீங்களே, அப்பவே பார்த்துட்டேன்.

– அப்புறம் ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்த?

– நீங்க எது வரைக்கும் புளுகறீங்கன்னு பார்க்கத்தான்.

– அடிப்பாவி...

– சிரிக்காதீங்க. ஒண்ணு சொல்லட்டுமா? காலைல முதல் சுத்துல ஹாரன் பக்கம் கை போகக்கூடாது, போகக்கூடாதுன்னே நினைச்சு, பிரேக் போடறதே மறந்துடும்போல இருந்தது. கடைசி ஸ்டாப்புல வண்டியை நிறுத்தி, சாவியை ஆபீஸ் மேசையில வச்சுட்டு வந்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– ராத்திரி நீ தூங்கவே இல்லை. காலைல சீருடைப் பொத்தானை மாத்தி மாத்திப் போட்ட. சாவியைக் கொடுத்துட்டு நீ தனியா அழுதுக்கிட்டு வரக்கூடாதேன்னுதான் வந்து ஏறினேன். கூட நடந்து வர ஒரு ஆள் வேணாமா?

– நல்லா ஏறினீங்க! அடுத்த ஸ்டாப்புல வண்டியை நிறுத்தினா நீங்க நிக்கறீங்க. கட்டின புருஷனை ஏத்திக்கிட்டு, பாதி வழியில இறக்கிவிட்டுட்டு எப்படிங்க போறது? ஓட்டினேன். அந்த நாய் வந்தப்ப, வாயாலயே "பாம்... பாம்"னு சொல்லிக்கிட்டுப் பிரேக்கைப் போட்டேன்.

– வாயாலயா!

– சத்தியமா. முன் சீட்டுக் குழந்தை விழுந்து விழுந்து சிரிச்சுது.

– உன்னை நினைச்சா எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா...

– இருங்க, பேச்சை மாத்தாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பச்சைக் கம்பளிக்கோட்டு போட்ட ஒரு அம்மா, இறங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க.

– நல்லவங்களா இருப்பாங்க.

– அப்புறம் ஒரு தாடிக்காரர் வந்து குலுக்கினார். அப்புறம் புத்தகப் பையோட ஒரு பொண்ணு.

– இந்த ஊர் வழக்கமா இருக்கும்.

– நீங்க இறங்கிப் போன பிறகு வந்த சுத்துல ஒருத்தரும் கை குலுக்கலையே. என்ன வழக்கம் அது, நீங்க ஏறினா வந்து, நீங்க இறங்கினா போறது?

– டீ ஆறுது, குடி.

– அந்த மூணு பேரும் உங்க பக்கத்து சீட்ல உக்காந்தவங்க. கண்ணாடில பார்த்தேன். என்ன பண்ணீங்க?

– ஒண்ணும் பண்ணல. சொன்னேன்.

– சொன்னீங்களா? யார்? நீங்களா? கல்யாண வீட்டுல மைக்கைப் பிடிச்சா கீழ வைக்காத மனுஷன், இங்க வந்ததுலருந்து கடையில உப்பு வேணும்னாகூட விரலைக் காட்டித்தானே வாங்கறீங்க?

– கிண்டல் பண்ணாதே. ஒரு வாரமா குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் பழகினேன். குழாயைத் திறந்துவிட்டுட்டு, உனக்குக் கேக்கக்கூடாதுன்னு.

– எதைப் பழகினீங்க?

– இந்த ஊர் பாஷையில ஒரே ஒரு வாக்கியம். அவங்க பதிலுக்கு என்னென்னமோ சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் புரியல. தலையை ஆட்டிட்டு, மறுபடியும் அதையே சொன்னேன்.

– என்னதான் சொன்னீங்க?

– "இந்த பஸ்ஸை ஓட்டறது என் பொண்டாட்டி."