முப்பதாவது சுத்து

இல்ல மேஸ்திரி, உங்க பால் வால்வை நான் கொறை சொல்லல. தண்ணி கொறஞ்சா செம்புக் குண்டு எறங்கும், குழாய் தெறக்கும். நெறஞ்சா குண்டு மெதந்து மூடிக்கும். புரியுது. வேலூர்ல எத்தினி தோல்ஷாப்புக்கு மாட்டியிருக்கீங்க? பதினொண்ணா? அப்ப இது பன்னெண்டு.

கீழ கையால மூடற குழாய் ஒண்ணும் வேணும், அவ்ளோதான். தொட்டி கழுவுறவன் தண்ணியெல்லாம் எறைச்சுட்டுத்தானே உள்ள எறங்குவான்? குண்டு தொங்கும். குழாய் தானா தெறந்துக்கும். உள்ள ஆளு இருக்குறது அதுக்குத் தெரியுமா?

எழுந்து வர மாட்டானான்னா? முடிஞ்சா வருவான்.

முனிசிபல் குழாய் வந்து அஞ்சு வருசம். இந்த அப்துல் ஹமீத் கையிலதான் தெறந்து மூடறது. தொட்டி ஒசரத்துல, உள்ள தெரியாது. தோ, இந்தத் தஸ்பீஹ் மாலையிலதான் எண்ணுவேன். நூறு மணி. வெறுந்தொட்டி நெறைய முப்பது சுத்து. ஒரு மணி ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல. நீ அல்லாவுக்கு ஓதுறியா தோலுக்கு ஓதுறியான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து கூட கிண்டல் பண்ணுவாரு.

கன்னியப்பனைக் கேள்விப்பட்டிருப்பீங்க. தொட்டி கழுவுனவன். நெறஞ்ச தொட்டியில குளிக்கப் போய் வழுக்கி, மண்டையில அடிபட்டு முழுகிட்டான்னு எழுதிட்டாங்க. அவன் பொஞ்சாதி அமிர்தவள்ளியும் அதான் நம்புது. உனக்கு இன்னாய்யா அங்க குளியலுன்னு பொணத்தையே திட்டிக்கினு அழுதுச்சு.

அன்னிக்கி அவன் கழுவுற தொடப்பம் வெளிய கெடந்துச்சு. ஏறி வந்துட்டான்னு நெனச்சேன். ஒரு கொரல் குடுத்திருக்கலாம். சத்தம் போட்டுக் கூப்புடறதுன்னா எனக்குச் சின்னதுலேர்ந்தே கூச்சம். குழாயைத் தெறந்துட்டு எண்ண ஒக்காந்தேன்.

முப்பதாவது சுத்துல நாப்பதாவது மணி. தண்ணி வழிஞ்சிடுச்சு. அறுபது மணி இன்னும் பாக்கி. எண்ணிக்கை தப்பிட்டமேன்னு என் மேலயே கோவம் வந்துச்சு மேஸ்திரி. அது மட்டுந்தான் வந்துச்சு. மூடிட்டுத் தொழப் போய்ட்டேன்.

இப்ப ஓத ஒக்காந்தா நாப்பதுல வெரல் நின்னுடுது. அடுத்த மணி நவுர மாட்டேங்குது.

முதலாளி அந்தக் கீழ்க்குழாய் வேணாம்பாரு. நீங்க மாட்டுங்க, காசு நான் தரேன். எதுக்கு இவ்ளோ அடம்னா கேக்குறீங்க?

கன்னியப்பன் தொட்டி நெறஞ்சப்புறம் உழுந்திருந்தா முப்பது சுத்தும் முழுசா வந்திருக்கும் மேஸ்திரி. அந்த அறுபது மணித் தண்ணி எடத்துல ஏற்கெனவே ஆளு இருந்துச்சு.