லோவல் கிரேடியின் தொண்டை

அந்த ஜன்னலைச் சாத்தச் சொன்னால் நன்றாயிருக்கும், மேடம். நவம்பர் காற்று பிடரியில் பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். நன்றி. கழுத்துத் துண்டைப் பறிமுதல் செய்யாததற்கும் சேர்த்து நன்றி.

வாசலில் என் பெயரைக் கேட்ட இளம் காவலர், நான் பதில் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “சார், இன்னொரு தடவை சொல்லுங்க.” சொன்னேன். “அய்யோ, செம்புக்கை! எங்கம்மாவுக்கு இன்னிக்குப் பொறந்தநாள் சார், ஒரு வார்த்தை” என்று கைப்பேசியை நீட்டினார். குற்றம் ஒப்புக்கொள்ள வந்தவன் காவலரின் தாயாருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கிறேன். இது விசாரணையைப் பாதிக்கும் என்றால் குறிப்பில் சேர்க்க வேண்டாம். பையன் நல்லவன்.

ஓரெஸ்தே பாலியூக்கா என்ற பெயரை நீங்கள் அறிந்திருக்க நியாயமில்லை. முகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடிகனாகத்தான், தெற்கே ஆலிவ் விளையும் செரிஞோலாவிலிருந்து ரோமுக்கு வந்தேன். நான் மேடையேறினால் பின்வரிசைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார்கள். முன்வரிசைக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்வதோடு சரி. நுன்ஸியா என்ற டப்பிங் இயக்குநர்தான் ஒருநாள் என் தோளைத் தட்டி, “ஓரெஸ்தே, கடவுள் உனக்குக் குரலைக் குடுத்துட்டு, கை வலிச்சுப்போய் மூஞ்சியைப் பாதியில விட்டுட்டாரு. வா, இருட்டு ரூம்ல வேலை தரேன்” என்றாள். முப்பது வருடமாக அந்த இருட்டறைதான் என் வீடு.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு நடிகர் எவரானாலும் இங்கே அவருக்கென்று ஒரு தொண்டை ஒதுக்கப்பட்டுவிடும். கல்யாணம் மாதிரிதான், ஆனால் இதில் விவாகரத்து கிடையாது. மாற்றினால் ஜனங்கள் தியேட்டரிலேயே சண்டைக்கு வருவார்கள். எனக்கு வாய்த்தவர் லோவல் கிரேடி.

வாய்த்தபோது அவர் யாரோ. சலவைக் கடையில் படுத்துத் தூங்கும் ஒருவனைப் பற்றி யாரோ நண்பர்கள் சேர்ந்து எடுத்த சின்னப் படம். அதில் அவருக்கு வசனமே பத்துப் பன்னிரண்டு வரிதான். மற்றபடி மூச்சு. அந்த மூச்சுக்கு நான் உயிரைக் கொடுத்தேன், மேடம். படம் இங்கே வெளியான அன்று தியேட்டரில் நானும் நுன்ஸியாவும் ஒரு குடிகாரரும் இருந்தோம். குடிகாரர் அழுதார். எனக்கு அது போதுமாயிருந்தது.

அப்படியே ஏழெட்டுச் சின்னப் படங்கள். ஊமைக் கோபம், குளிர்காலம், பழைய லாரி. பிறகு ஒருநாள் யாரோ அவர் கையில் செம்பு முலாம் பூசினார்கள். செம்புக்கையனாக அவர் வானத்தில் பறந்து நகரங்களைக் காப்பாற்றத் தொடங்கினார். நான்கு பாகம். அவற்றில் என் வேலை பெரும்பாலும் முனகல்: கட்டடம் மேலே விழும்போது ஒரு மாதிரி, விழுந்த கட்டடத்தைத் தூக்கும்போது வேறு மாதிரி. நடுநடுவே “பின்னால் போ, இது என் சண்டை” என்ற வசனம். அதைச் சொல்லச் சொல்லி மீன் சந்தையில் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். திரும்பி முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்து, காசு வாங்காமல் மீனைக் கொடுத்து அனுப்புவார்கள்.

என் மனைவி பிலோமேனா விளக்கை அணைத்த பிறகு, “லோவல் மாதிரி பேசுங்களேன்” என்பாள். இது என் குரல்தானே என்பேன். “அதை இப்ப எதுக்கு ஞாபகப்படுத்தறீங்க?” என்பாள். பிறகு ஒரு பல் மருத்துவரோடு போய்விட்டாள். அவருக்குக் குரல் சாதாரணம். ஆனால் சொந்தக் குரல் என்று கேள்வி.

போன வருடம் வசந்தத்தில் லோவல் ரோமுக்கு வந்தார். செம்புக்கை போதும், மறுபடி சின்னப் படத்தில் நடிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். லிவியோ என்ற நம் இளம் இயக்குநர் ஒரு கதை வைத்திருந்தார். தாரந்தோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற, மனைவியைப் பறிகொடுத்த ஒருவனின் கதை. லோவல்தான் நாயகன். இத்தாலிய மொழியில் பேசுவார். சொந்தக் குரலில், படப்பிடிப்பிலேயே பதிவு. டப்பிங் கிடையாது.

செய்தியைக் கொண்டு வந்தவள் நுன்ஸியாதான். “உன் ஆளு உன்னை விவாகரத்து பண்றாருய்யா. அதுவும் ஜீவனாம்சம் இல்லாம” என்றாள். சிரித்தேன். சிரிப்பு நன்றாகவே வந்தது. தொழில்.

மொழி கற்றுக்கொடுக்க ஆள் தேடினார்கள். நானே போனேன். ரோமின் ட்ரஸ்தேவரேப் பகுதியில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் கதவைத் திறந்து, என்னைக் கட்டிக்கொண்டு, அவர் முதன்முதலாக என்னிடம் பேசினார். மேடம், இருபது வருடமாக நான் சுமந்த அந்த மனிதருக்குக் கதவிடுக்கில் வால் மாட்டிய பூனையின் குரல். “வாத்தியாரே! நான் உங்க மூஞ்சி. நீங்க என் தொண்டை. ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் ஒரே உடம்பு ஆச்சு!” எங்கோ மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அவரைப் போல அன்பான மனிதர் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தினமும் மத்தியானம் போவேன். மாடிப்படியில் என் காலடி கேட்டாலே அடுப்பில் காபி ஏறிவிடும். அவருக்கு ஆண்பால் பெண்பால் மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. “வாத்தியாரே, கீழ் வீட்டுக் கிழவி இன்னிக்கும் என்னைத் திட்டினான்” என்பார். “திட்டினாள்” என்பேன். “அவ்ளோ சத்தமாத் திட்டினா அது ஆம்பளைதான்” என்பார்.

கோடை முடிவில் லிவியோ ஒரு ஒத்திகை வைத்தார். நுன்ஸியாவும் வந்திருந்தாள். கிரேன் ஓட்டுபவன் மனைவியின் செருப்பை என்ன செய்வது என்று தெரியாமல் அவளிடமே கேட்கும் காட்சி. லோவல் அந்தப் பூனைக் குரலில், தப்புத் தப்பான உச்சரிப்பில் கேட்டார். என் கண்ணில் கொஞ்சம் நீர் வந்தது. அங்கே விளக்குகள் அதிகம். லிவியோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நுன்ஸியா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திவிட்டு, என் காதோரம் சொன்னாள்: “இத்தனை வருஷமா இந்த மனுஷனை நாமதான் மூடி வச்சிருந்தோமோ, ஓரெஸ்தே?”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்று இரவு நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன், வழக்கம்போலத் தூங்கினேன். காலையில் யோசித்தபோது விஷயம் தெளிவாக இருந்தது. இந்தப் படம் வெளிவந்தால் ஜனங்கள் அவரை முதன்முறையாகக் கேட்பார்கள். ஒன்று, சிரிப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது, அவர் மென்மையானவர். அல்லது, சிரிக்க மாட்டார்கள். அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

படத்தில் நாயகன் பச்சை ஆலிவ் பதப்படுத்தும் காட்சி ஒன்று உண்டு. செரிஞோலாக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? எங்கள் பக்கம் அக்டோபர் வந்தால் வீட்டுக்கு வீடு காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஆலிவ் ஊறும், கசப்பு போவதற்கு. வருடா வருடம் யாராவது ஒரு மாமா பாட்டிலில் கரைத்து வைத்த சோடாவைத் தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடித்து, தொண்டை வெந்து, பேப்பரில் வருவார். “எங்க ஊர்ல இது காய்ச்சல் மாதிரி, சீசனுக்கு ஒண்ணு” என்று லோவலிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். “வாத்தியாரே, அப்ப எந்தப் பாட்டில்னு எழுதி ஒட்டுங்க” என்றார். ஒட்டவில்லை. எங்கள் வீடுகளில் யாரும் ஒட்டுவதில்லை.

அந்த அக்டோபரில் ஒருநாள் மத்தியானம், அவர் சமையலறையிலும் ஆலிவ் ஊறிக்கொண்டிருந்தது. அவர் உள்ளறையில் வசனம் உருப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் இருந்த அவர் கைப்பேசியிலிருந்து ஆம்புலன்ஸுக்கு அழைத்தேன். முகவரி சொன்னேன். ஆலிவ் ஊறவைக்கும் சோடாவைத் தவறுதலாகக் குடித்துவிட்டேன் என்றேன். எடுத்த பெண், “சார்... நீங்க லோவல் கிரேடிதானே?” என்றாள். “ஆமாம்மா, நான்தான்” என்றேன். “அய்யோ சார், வாந்தி எடுக்காதீங்க, எதையும் குடிக்காதீங்க, இதோ வந்துடறாங்க, சார் நீங்க பயப்படாதீங்க” என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று.

தொண்டை வெந்தவர் எப்படி இவ்வளவு தெளிவாகப் பேசினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. செம்புக்கையன் அல்லவா? கட்டடம் விழுந்தபோதே பதறாதவர். இத்தாலிய மொழியை எவ்வளவு அழகாகப் பேசுகிறார், வாத்தியார் நல்லவர்போல என்று மட்டும் பேப்பரில் எழுதினார்கள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவைத் தொலைக்காட்சியில் அவர் படத்தோடு சேர்த்து ஒரு வாரம் போட்டார்கள். நாடே மெழுகுவர்த்தி ஏற்றியது. ஒத்திகையில் அந்தப் பூனைக் குரலைக் கேட்டிருந்த லிவியோகூட, சிறுவயதிலிருந்து கேட்ட பழக்கத்தில், பேசுவது லோவல் என்றே நம்பினார். உங்கள் அலுவலகமும், பாதிக்கப்பட்டவரே விபத்து என்று தன் வாயால் சொல்லிவிட்டார் என்று கோப்பை மூடியது. நான் பாடம் சொல்ல வந்தவன், வந்தபோது அவர் ஏற்கெனவே அழைத்திருந்தார் என்றேன். எழுதிக்கொண்டார்கள். லோவலிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரே. வெளிநாட்டுச் செய்திகளில் அந்தப் பேச்சின் மேல் வேறு யாரோ ஆங்கிலத்தில் பேசியிருந்தார்களாம். அங்கே அப்படியொரு வழக்கம்.

அவர் பிழைத்தார். பேச்சு மட்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பலகையில் எழுதிக் காட்டினார்: “நான் தப்பான பாட்டிலை எடுத்தேன். வாத்தியாரே, நீங்க இல்லேன்னா செத்திருப்பேன்.” அதில் இலக்கணப் பிழையே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

லிவியோ படத்தைக் கைவிடவில்லை. லோவல் உதட்டை மட்டும் அசைத்து நடித்தார். குரல் கொடுக்க, வேறு யார் இருக்கிறார்கள்? இந்தச் செப்டம்பரில் படம் வந்தது. விருது கொடுத்தார்கள். அவர் மேடையில் நின்றார், நான் திரைக்குப் பின்னால் மைக்கில் நன்றி சொன்னேன். அரங்கம் எழுந்து நின்றது. நுன்ஸியா மட்டும் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலியாயிருக்கும்.

பிறகு அவருடைய அக்கா வந்தார். அமெரிக்காவில், மினசோட்டாவில் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர், விமானம் என்றால் பயம், இருந்தும் தம்பியை அழைத்துப்போக வந்தார். ஆஸ்பத்திரியில் தம்பியின் பரிசோதனை முடியக் காத்திருந்தபோது தொலைக்காட்சியில் அந்தப் பழைய ஒலிப்பதிவு ஓடியது. அங்கிருந்த செவிலி எனக்கு இதை நடித்தே காட்டினார்.

“யாரு இது பேசறது?” என்று கேட்டாராம் அக்கா.

“உங்க தம்பிதாம்மா.”

“என் தம்பி இல்லை.”

“என்னம்மா இப்படிச் சொல்றீங்க? இருபது வருஷமாக் கேக்கறோம், அவர் குரல் எங்களுக்குத் தெரியாதா? நீங்க பார்த்து ரொம்ப நாளாச்சோ என்னமோ.”

அக்கா மறுபடி போடச் சொன்னாராம். ஒருமுறை, இன்னொரு முறை. மூன்றாவது முறை கையை உயர்த்தி, “இங்கே நிறுத்துங்க” என்றாராம். நான் முகவரி சொல்லி முடித்த சற்று நேரத்தில், தூரத்தில், ஒரு கீச்சுக் குரல் கேட்கிறது. நாடே நூறு தடவை கேட்ட பதிவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்தார்கள், கீழ் வீட்டுக் கிழவி என்று நினைத்தார்கள், பூனை என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் குரல் கேட்பது இவ்வளவுதான்: “வாத்தியாரே, தாகமா இருக்கு. தண்ணி எங்க?”

ஆம், மேடம். அழைத்தபோது அவர் இன்னும் குடித்திருக்கவில்லை. முதலில் ஆம்புலன்ஸ், பிறகு டம்ளர். ட்ரஸ்தேவரேயின் சந்துகளில் அந்த நேரத்துக்கு வண்டி நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு நிமிடம்கூட அதிகமாக வேதனைப்படக் கூடாது என்று பார்த்தேன். கைப்பேசியை வைத்துவிட்டுப் போய், அந்தப் பாட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றி, என் கையால் கொடுத்தேன். பாட்டிலை அவர் எடுக்கவில்லை. அவருடைய ஞாபகம் தப்பு. “நன்றி” என்றார். உச்சரிப்பு சரியாக இருந்தது. அதற்கப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். நீதிமன்றத்தில் வாசிக்க வேண்டுமென்றால் நானே வாசிக்கிறேன். குமாஸ்தாக்கள் நிறுத்தற்குறியில் மூச்சு விடுவதில்லை.

ஒரு திருத்தம் மட்டும். உங்கள் அறிக்கையில், பதிவில் உள்ள முதல் குரல் ஓரெஸ்தே பாலியூக்கா, இரண்டாவது குரல் லோவல் கிரேடி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறீர்கள். பாவம், ஆட்டுப் பண்ணைக்காரர். லோவல் கிரேடியின் குரலை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் கிடையாது, மேடம். ஆம்புலன்ஸை அழைப்பது அவர்தான். பின்னால் தண்ணீர் கேட்கிற அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது.