நாற்பத்து மூன்றாவது சொல்

உங்கள் சுவரில் தொங்கும் காலண்டரில் இரண்டு நாள் தாள் கிழிக்காமல் கிடந்தது. நீங்கள் டீ சொல்ல வெளியே போனபோது நானே கிழித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். பழைய தேதியைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியாது. தொழில் அப்படி.

பெயர் காசிராஜன், வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. சிவகாசியில் காலண்டர் பிரஸ் ஒன்றில் பதினாறு வருடமாகப் புரூஃப் பார்க்கிறேன். தினசரித் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மேஷம் வெற்றி, ரிஷபம் செலவு, இந்த மாதிரி. முன்பு ஒரு ஜோசியர் எழுதித் தந்துகொண்டிருந்தார். அவருக்குக் கண் மங்கியதும், "நீயே போட்டுரு காசி, யாரு உட்காந்து சரிபார்க்கப் போறாக" என்றார் முதலாளி ராஜபாண்டியன். ஜோசியர் விட்டுப்போன நோட்டில் நாற்பத்திரண்டு சொற்கள் இருந்தன. அவற்றைச் சுழற்சி முறையில், யாருக்கும் பாரபட்சம் இல்லாமல் போட்டு வந்தேன். வருடத்துக்கு இருபத்திரண்டு லட்சம் காலண்டர்.

அப்படி இருக்கையில், போன வருடம் மாசி மாதம் விருதுநகரிலிருந்து அனுப்பிரியா என்ற பெண் எங்கள் தாளைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்த நாள் அது. "மிதுனத்துக்கு வெற்றின்னு போட்ட மகராசன் நல்லா இருக்கணும்" என்று எழுதியிருந்தாள். பதினாறு வருடத்தில் என் எழுத்தைப் பாராட்டிய முதல் ஆள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுதியது நான்தான் என்று சொன்னால் பெருமையடிப்பதாக இருக்கும் என்று, "எனக்கும் மிதுனம்தான்" என்று மட்டும் அனுப்பினேன். உண்மையில் எனக்கு விருச்சிகம். அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வரும். "அண்ணே, இன்னிக்கு நமக்குப் பரிவு." "அண்ணே, இன்னிக்குக் கோபம்னு போட்டிருக்கு, யாருகிட்டயும் சண்டைக்குப் போயிராதீக." நமக்கு என்று எழுதினாள் பாருங்கள், அந்தச் சொல்லைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அண்ணே என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆடியில் அடுத்த வருடக் காலண்டர் வேலை தொடங்கியது. மிதுனத்தின் வரிசையை மட்டும் சுழற்சியிலிருந்து எடுத்து நானே எழுதினேன். தை மாதம் நட்பு, மாசியில் ஆர்வம், பங்குனியில் அன்பு, கொஞ்சம் ஏக்கம், நடுவில் ஒரு சின்னப் பிணக்கு, பிறகு உறுதி. நாளுக்கு ஒரு சொல்லாக ஒரு காதல் நாவல். ஆவணி இருபதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குச் சம்மதம் என்று போட்டேன். அன்று அவளிடம் கேட்பதாக ஏற்பாடு. மிதுன ராசியில் பிறந்த மற்றவர்களும் அதைப் படிப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். படிக்கட்டும், அதில் என்ன நஷ்டம்.

ஐப்பசியில் அவள் இப்படி எழுதினாள்: "அண்ணே, ஆலங்குளத்துல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. ஹரிஷ்குமார்னு பேரு, சிம்ம ராசி. எனக்கு அம்புட்டுப் பிடிக்கல. அவுக அக்கா கல்யாணம் முடிஞ்சு ஆவணியில பேசலாம்னு சொல்லியிருக்காக." அவள் மனசு எனக்குப் புரிந்தது. ஜூன் வரை அச்சாகிவிட்டது, ஜூலைக்கு இன்னும் பிளேட் போகவில்லை. சிம்மத்துக்கு ஜூலை ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை பகை, நஷ்டம், தடங்கல், சோதனை, பயம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நூற்று எண்பத்து நான்கு நாள். தாளில் முகூர்த்த நாள் என்று குறித்திருந்ததில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அது பாவம்.

சிம்ம ராசிக்காரர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. எங்கள் முதலாளியே சிம்மம்தான். தன் பிரஸ்ஸில் அச்சான தாளைத் தானே கிழித்துப் படித்து, ஆடி முழுவதும் புது ஆர்டர் எதையும் தொடவில்லை. விருதுநகர் மிளகாய் மண்டி இராமகிருஷ்ணன் நெஞ்சு ஆபரேஷனை மூன்று முறை தள்ளிப்போட்டார். நான்காவது தேதிக்கு அவர் இல்லை. வயது எழுபத்தொன்று. என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் அந்த ஒரு தேதிக்கு நலம் என்று போட்டிருப்பேன்.

வேலுத்தாய் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவள். அவளும் சிம்மம். கம்பெனி ஃபோர்மேன் காளீஸ்வரன் காலையில் தாளைப் பார்ப்பார், சோதனை என்றிருந்தால் சிம்மத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். மருந்து அறை விஷயம், அவரைக் குறை சொல்ல முடியாது. தீபாவளி சீசன் பூராவும் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய் கலெக்டரிடம் மனு கொடுத்தாள். "அய்யா, எனக்கு இந்த ராசி வேண்டாம். மாத்திக் குடுங்க. கன்னி குடுத்தாலும் போதும்." அந்த மனுவை எங்கள் பிரஸ்ஸுக்கு விளக்கம் கேட்டு அனுப்பிவைத்தார்கள். அதனால்தான் நான் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறேன்.

நடுவில் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். ஜூலை கடைசியில் அனு எழுதினாள். "அந்த ஹரிஷ்குமாரைப் பார்த்தா பாவமா இருக்குண்ணே. தினமும் கெட்டதாவே போட்டிருக்கு. பயந்துபோயி லீவு போட்டு வீட்டுலயே கெடக்காரு. நான் காலையில என்னோடதை அவருக்கு அனுப்பிவிடுறேன். நேத்து எனக்கு ஆதரவு. பாதி உங்களுக்குன்னு எழுதுனேன், அழுதுட்டாரு."

நான் அவளுக்காக எழுதிய சொற்கள், ஐயா. பாதிப் பாதியாக அவனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அன்பு என்றால் பாதி அன்பு, உறுதி என்றால் பாதி உறுதி. அச்சாகிப் போனதை என்ன செய்ய முடியும். தினமும் காலையில் என் சொல்லை நானே கிழித்துப் படித்து, இன்று அவனுக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு வலித்தது. அதை மறைக்கவில்லை.

ஆவணி இருபதாம் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை, பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். பன்னிரண்டு அடித்ததும் அனுப்புவதற்குச் செய்தியைத் தயாராக வைத்திருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு அவளிடமிருந்து வந்தது. "அண்ணே, ஹரிஷ் இன்னிக்குக் கேட்டாரு. சரின்னு சொல்லிட்டேன். நம்ம ராசிக்குச் சம்மதம்னு போட்டிருக்குல்ல. ராகுகாலம்னுகூடப் பார்க்கல."

அவள் தாளை நம்பினாள், அவ்வளவுதான். அவள்மேல் தப்பில்லை. நான் எழுதிய இடத்தில் வேறொருவன் வந்து நின்றுகொண்டான். ஐப்பசியில் விருதுநகரில் கல்யாணம். "கண்டிப்பா வாங்கண்ணே, இம்புட்டு நாளாப் பேசுறோம், உங்க மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல" என்று பத்திரிகை அனுப்பியிருந்தாள். குளித்து, புதுச் சட்டை போட்டு, கிளம்பும்போது தாளைப் பார்த்தேன். விருச்சிகத்துக்குத் தாமதம் என்றிருந்தது. போகவில்லை. தாமதம் என்றால் இல்லை என்று அர்த்தமல்லவே.

வேலுத்தாயின் மனு வந்த அன்று முதலாளி கேட்டார். "ஏலே காசி, சிம்மத்துக்கு இப்படிப் போட்டது யாருலே?" நான்தான் என்றேன். அவர் மனுவை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "நானும் சிம்மம்லே" என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடக் காலண்டர்களைப் பற்றிக் கேட்டீர்கள். மனு வருவதற்கு முன்பே லோடு போய்விட்டது. இருபத்திரண்டு லட்சமும் கடை கடையாக, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருக்கும், திரும்ப வாங்க முடியாது. அதில் சிம்மத்தைப் பெரும்பாலும் சுழற்சியிலேயே விட்டுவிட்டேன், ஒரு நாளைத் தவிர. ஜோசியரின் நோட்டில் நாற்பத்திரண்டு சொற்கள் என்றேனே, நாற்பத்து மூன்றாவதாக ஒன்று நான் சேர்த்தேன். மார்ச் பதினொன்று, சிம்மம், மரணம். அதற்குப் பிறகு அனு ஒரு வருடம் துக்கம் காக்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனையிலும் என் சொந்த ராசியை நான் ஒரு நாளும் தொடவில்லை. தனக்குத் தானே எழுதிக்கொள்வது முறையில்லை. விருச்சிகம் எப்போதும் போலச் சுழற்சியில்தான் வந்தது, அதனால் அதை மட்டும் முழுசாக நம்பலாம். உங்கள் சுவரில் தாளைக் கிழித்தேன் அல்லவா, இன்றைக்கு விருச்சிகத்துக்குச் சந்திப்பு என்று போட்டிருக்கிறது. அனு வருவாள். வாசல் கதவைச் சாத்திவிட வேண்டாம் என்று வெளியே நிற்கும் போலீஸ்காரரிடம் கொஞ்சம் சொல்லிவிடுங்கள்.