ஏரியின் மேல் போட்ட பழி

தாம்பரத்துக்குக் கிழக்கே தரிசாய்க் கிடந்த மண்ணைத் தெருவாக்கித் தந்த நலச்சங்கத் தலைவர் ஏகநாதன் அவர்களே! பயிர் வைத்த கையாலேயே மனை பிரித்துக் கொடுத்த பெரியவர்களே! குழாயடியில் குடத்தோடு குடமாய்க் காத்துக் கிடந்துவிட்டு, உலையை அப்படியே இறக்கி வைத்து ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தும் நாகலக்ஷ்மி உங்களை வணங்குகிறேன்.

எதற்குக் கூடியிருக்கிறோம்? ஏரியை மூட! அது கொசுவை வளர்க்கிறதாம், காய்ச்சலைக் கொடுக்கிறதாம். இருநூறு கையெழுத்தோடு நாளைக் காலை கலெக்டருக்கு மனு போகிறது. நான் கேட்கிறேன்: ஒரு கொசு ஒரே தடவையில் நூறு முட்டை இடுகிறதே, அத்தனையும் பிழைத்தால் இந்த மேடை தெரியுமா? இந்த மைக் தெரியுமா? என் முகந்தான் தெரியுமா? சிரிக்காதீர்கள்! ஏன் பிழைக்கவில்லை? வாழ இடம் வேண்டும், தின்ன இரை வேண்டும், தன்னைத் தின்ன வரும் பகை இருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் எந்த உயிரும் அந்த அளவோடு நின்றுவிடும். ஏரியில் மீன் இருக்கிறது, தவளை இருக்கிறது. கொசுப்புழு அங்கே தலைதூக்க முடியுமா?

என்ன சத்தம்? "ஏரில இல்லன்னா எங்க வூட்டுக்கு எப்டி வந்துச்சு டீச்சர், லாரி ஏறியா?" என்கிறாரே, யாரது, ஜெயவேலு அண்ணனா? நல்லாக் கேட்டீங்க! லாரியால்தான் அண்ணா! தண்ணீர் லாரி எந்த நேரம் வருமோ என்று டிரம்மின் மூடியைக் கழற்றியே வைத்திருக்கிறோமா, இல்லையா? மூடியைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக்கு நாலு குடம் போய்விடுமே என்ற பயம்! திறந்த டிரம்மில் மீனில்லை, தவளையில்லை, கேட்பார் இல்லை. கொசுவுக்குக் கொண்டாட்டம்.

போன வாரம் எதிர்வீட்டுக் குல்ஷன் அக்காவின் மகள் அஜீசாவுக்கு மூன்றாம் தடவையாக மலேரியா. நடுக்கத்தில் கட்டிலே ஆடியது. "அந்தப் பாழாப்போன ஏரிதாம்மா எம்பொண்ணைக் கொல்லுது" என்று அக்கா அழுதார். அவர் டிரம்மில் ஒரு சொம்பு மொண்டேன். நாற்பத்தேழு புழு! ஏரியில் பத்து இடத்தில் மொண்டேன். மொத்தமே இரண்டு! ஏரி மீன்குஞ்சு மூன்றைக் கொண்டுவந்து டிரம்மில் விட்டேன். மறுநாள் அக்கா கத்துகிறார்: "இன்னாம்மா அதிசயமா கீது, ஒரு புழுகூட காணோமே!"

ஏரியை மூடினால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் வீட்டுக்கு வீடு இன்னும் டிரம்! டிரம் பெருகினால் கொசு பெருகும்! கொசு பெருகினால் இன்னும் எத்தனை அஜீசாக்கள்?

தாய்மார்களே, இவ்வளவு பேசுகிறவள் யார் தெரியுமா? போன மாதம் அந்த மனுவை எழுதியவளே நான்தான். முதல் கையெழுத்து என்னுடையது. வகுப்பில் பக்கம் பக்கமாய் நடத்தினேன், என் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. தலைவரே, அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். இதோ, என் பெயரை அடிக்கிறேன். அடுத்து யார் வருகிறீர்கள்?

வாங்க குல்ஷன் அக்கா, பேனாவைப் பிடியுங்கள். அழுத்தி அடியுங்கள். மற்றவர்களும் எழுந்துவிட்டீர்களே! இதற்குமேல் நான் பேசுவது அதிகப்பிரசங்கம். என் தவற்றைப் பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. ஏரி இருக்கட்டும், நம் பிள்ளைகள் எழுந்து நடக்கட்டும். வணக்கம்!