ஏழாவது கேள்வி

அந்த நாற்காலி வேணாம் தம்பி, அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி அடுப்புப் பக்கமா வாங்க. மர்டோ ஆடு பாக்க மேல் மேட்டுக்குப் போயிருக்காரு, நாலு மணிக்குத்தான் எறங்குவாரு. பொண்டாட்டியைத் தனியா வச்சுத்தான் கேக்கணும்னு உங்க சட்டமே சொல்லுதே. அப்ப சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க.

பத்து வருஷத்துக்கு முன்னாடி துப்பாக்கி லைசன்ஸ் புதுப்பிக்க வந்தவரு வேற ஆளு. போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. கேள்வியெல்லாம் அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு, மிச்ச நேரம் பூரா முழங்கால் ஆபரேஷன் கதைதான். போறப்ப தட்டுல ஒரு ஸ்கோன் ரொட்டி மிச்சம் இல்ல. நீங்க அப்படி இல்ல, வரிசையா, ஒழுங்கா கேக்குறீங்க. குடிப்பாரா? சனிக்கிழமை ரெண்டு பீர். கைநீட்டிருக்காரா? ஒரே ஒரு தடவை கதவை உதைச்சாரு. கால் வெரல் வீங்கிப் போயி நாலு நாள் நொண்டினாரு, கதவுக்கு ஒண்ணும் ஆகல. எழுதிக்கிட்டீங்களா?

ஏழாவதா? அதுக்கு வரேன், இருங்க. டீயக் குடிங்க, ஆறுது.

லைசன்ஸ் இல்லைன்னா எங்களுக்கு என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் இந்த ஜன்னல் வழியாப் பாருங்க. அந்த மேடு, சொறி பிடிச்ச நாய் முதுகு மாதிரி இருக்குல்ல? பாதி வெயில் தின்னது, பாதி முயல் தின்னது. ரெண்டு வருஷமா சரியா மழை இல்ல. ஆட்டுல பாதிக்கு மேல வித்தாச்சு. மிச்சம் இருக்கறதுக்குப் புல் வேணும்னா முயலச் சுட்டுத்தான் ஆகணும். மருந்து வச்சா நாய் சாகும். அதனால இந்தக் காகிதம் உங்களுக்குக் காகிதம், எங்களுக்கு அந்த மேடு.

எனக்கா? சுடத் தெரியும். சிரிக்காதீங்க. முப்பத்தி நாலு வருஷம் இந்த வீட்டுல குப்பை கொட்டிட்டு, போன அக்டோபர் வரைக்கும் நான் துப்பாக்கியத் தொட்டதில்ல. அதைத் தொடைக்க எண்ணெய்த் துணி கேட்டா எடுத்துக் குடுப்பேன், அவ்ளோதான். ஒரு நாள் காலையில கஞ்சி குடிச்சுட்டு இருக்கறப்ப சொல்றாரு, மொய்ரா, நீ சுடக் கத்துக்கோ. எதுக்கு மர்டோ, உன்னச் சுடவா, அப்படின்னேன். சிரிக்கல. கத்துக்கோ, தேவைப்படும், அப்படின்னாரு.

அந்தச் சின்ன ரைஃபிள்தான். பாயிண்ட் டூ டூ. அவருக்குப் பன்னெண்டு வயசுல அவங்க அப்பா வாங்கித் தந்தது. கட்டையில அவரு பேரோட மொத எழுத்தக் கத்தியால கீறி, அதுக்கு அடி வாங்கினாராம். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்ட, அதான் பின்பக்கம் இருக்கற இரும்புத் தண்ட, தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, கீழ மடக்கணும். அவசரப்பட்டா சிக்கிக்கும். மொதல்ல கத்துக்கறவங்களுக்கு அதுதான் நல்லதுன்னாரு. ஒரு தடவை சுட்டுட்டு, நாம என்ன செஞ்சோம்னு யோசிக்க நேரம் இருக்கும்.

ஆமா, அவரு பக்கத்துல இருக்கறப்ப மட்டும்தான். லைசன்ஸ் இருக்கறவரு கைக்கெட்டற தூரத்துல இருக்கணும்னு எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்குங்க.

மொத ஒரு மாசம் குண்டே தரல. இந்த அடுப்படித் தரையில சாக்கு விரிச்சுப் படுக்கச் சொன்னாரு. குழாய் நுனியில ஒரு நாணயத்த வைப்பாரு. விசையை அழுத்தணும், நாணயம் விழக் கூடாது. உள்ள தோட்டா இல்லாம சும்மாவும் விசைய அழுத்தக் கூடாதாம். இந்த ரகத்துல ஊசி, தோட்டாவோட விளிம்புலதான் அடிக்கும், உள்ள ஒண்ணும் இல்லைன்னா இரும்புல அடிச்சு மழுங்கிப் போயிடும். அதுக்காக சுட்டுத் தீந்த காலித் தோட்டாவ உள்ள போட்டுத் தருவாரு. ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பாத்து, விரலால தடவி, அப்புறம்தான் போடுவாரு. அவ்ளோ ஜாக்கிரதை. அத நீங்க எழுதணும். கவனக்குறைவான ஆளு இல்ல அவரு.

ஒரு மாசம் நாணயம் டிங்கு டிங்குன்னு விழுந்துட்டே இருந்துச்சு. ஒரு நாள் விழல. நான் திரும்பிப் பாத்தேன். பரவால்ல, அப்படின்னாரு. எங்க பக்கத்து ஆம்பளைங்க பரவால்லன்னு சொன்னா, அதுக்கு மேல ஒரு பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்னிக்கு என்னப் பாத்தும் அதான் சொன்னாரு.

அப்புறம் வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால, இருபத்தஞ்சு கஜத்துல காகிதத் தட்டு. மூச்ச உள்ள இழு, பாதி விடு, அங்கயே நிறுத்து. விசையை இழுக்காத, பிழி. எப்ப வெடிக்கும்னு உனக்கே தெரியக் கூடாது. எல்லாம் சொல்லிக் குடுத்தாரு, எல்லாம் செஞ்சேன், அத்தனையும் தட்டுக்குக் கீழ இடது பக்கம் மண்ணுல. பத்து நாள் அதே மண்ணு. பார்வை சரியில்லைன்னு கண்ணாடி மாத்திட்டு வந்தேன். அப்பவும் அதே மண்ணு.

அவரு என்ன பண்ணினாருன்னா, எனக்குத் தெரியாம ஒரு காலித் தோட்டாவ உள்ள போட்டுக் குடுத்துட்டாரு. நல்ல தோட்டான்னு நெனச்சு அழுத்தறேன். வெடிக்கல. ஆனா குழாய் நுனி தானா கீழ குத்துது, என் கண்ணும் மூடியிருக்கு. பாத்தியா மொய்ரா, அப்படின்னாரு. நீ சத்தத்துக்குப் பயப்படல. சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பயப்படற. அதான் கீழ போகுது.

அன்னையில இருந்து சரியாச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள பத்துக்கு ஒம்போது குண்டு ஒரு டீக் கப்பு வாய் அளவுக்குள்ள வந்துச்சு. காத்து இருந்தா அம்பது கஜத்துல எவ்ளோ தள்ளிப் பிடிக்கணும்னு கூட வந்துடுச்சு. வடமேக்குல இருந்து அடிக்கறப்ப புல்லு எந்த அளவுக்குச் சாயுதுன்னு பாத்தே சொல்வேன்.

சொல்றதுக்கு என்ன வெக்கம், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு தம்பி. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. இந்த வீட்டுல சாப்பாட்டு மேஜையில மழை, ஆடு, வேலி, இதத் தாண்டிப் பேச்சு இருந்ததில்ல. திடீர்னு தினமும் சாயங்காலம் ஒரே சாக்குல, முழங்கையோட முழங்கை இடிக்கப் படுத்துக்கிட்டு, அவரு என் காதுகிட்ட மெதுவாப் பேசறாரு. அறுபத்தி ஒரு வயசுல மனுஷனுக்குக் காதல் வந்துடுச்சுன்னு என் தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இந்த வயசுல துப்பாக்கி காட்டித்தான் காதலிக்கணுமான்னு கேட்டா அவ.

பிப்ரவரியில ஒரு பெண்ணாடு ஓடைக் கரையில இருந்து விழுந்து முதுகு ஒடிஞ்சு கிடந்துச்சு. எழுப்பவே முடியல. ஆட்டு டாக்டர் வர ரெண்டு மணி நேரம் ஆகும். எப்பவும் மர்டோதான் முடிச்சு வைப்பாரு. அன்னிக்கு ரைஃபிள என் கையில குடுத்துட்டு, நீ செய், அப்படின்னாரு. செஞ்சேன். ஒரே குண்டு, அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. போல்ட்டப் பின்னால இழுத்து, காலித் தோட்டாவ எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். அவரு என் தோள்ல கைய வச்சு, இனிமே உனக்கு யாரும் வேணாம் மொய்ரா, அப்படின்னாரு.

அதையும் நான் பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன். தங்கச்சிகிட்ட அதையும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

ஏழாவதுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்.

மார்ச்சுல தண்ணி பம்ப்ப எப்படிக் கழட்டிச் சுத்தம் பண்றதுன்னு காட்டினாரு. எந்தச் சாவி எந்த கேட்டுக்குன்னு துணித் துண்டுல எழுதி எழுதிக் கட்டினாரு. இவரு எழுதறதே அபூர்வம், கிறிஸ்துமஸ் கார்டுல கூட நான்தான் கையெழுத்துப் போடுவேன். என்ன மர்டோ, எனக்கு மறதின்னு முடிவு பண்ணிட்டியான்னு கேட்டேன். உனக்கு இல்ல, அப்படின்னாரு. அதுக்கும் சிரிச்சேன். வயசாகுது, பொறுப்பு வருதுன்னு நெனச்சேன். ராத்திரி தூங்கறதில்லைன்னு தெரியும். மழை இல்லாதப்ப இங்க எவன் தூங்கறான்?

அப்புறம் டிப்பக் குடுத்துட்டாரு.

டிப், அவரு நாய். நாலு வயசு. நீங்க வர்றப்ப குரைக்கலேல்ல? அதான். பக்கத்துப் பண்ணை லாக்லனுக்குக் குடுத்துட்டாரு, சும்மாவே. இவ்ளோ ஆடு கம்மியானப்புறம் அதுக்கு வேலை பத்தல, அதான்னாரு. நீங்க டவுன் பக்கம், உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு மேய்க்கறவன் கால ஒடிச்சுக்கிட்டாலும், பண்ணையை வித்தாலும், நல்லா ஓடற வயசுல இருக்கற நாயக் குடுக்க மாட்டான். பொண்டாட்டியக் குடுன்னு கேட்டாக் கூட யோசிப்பான். லாக்லனே கதவுகிட்ட வந்து தொப்பியக் கையில வச்சுக்கிட்டு, மொய்ரா, மர்டோவுக்கு ஏதாவது வியாதியா, அப்படின்னு கேட்டான். இல்லையேன்னேன். சொல்லிட்டு உள்ள வந்து இந்த நாற்காலியில உக்காந்தேன். அக்டோபர்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கிப் பாத்தேன். சுடறது, பம்ப்பு, சாவி, நாய். எனக்குக் கத்துக் குடுத்தது எல்லாமே அவரு இல்லாதப்ப செய்ய வேண்டிய வேலை தம்பி.

டாக்டரா? சொன்னேன். ஆட்டுக்குக் கிடா விடற வாரம், அது முடியட்டும்னாரு. திருப்பிச் சொன்னேன். எனக்கு ஒண்ணும் இல்லைன்னாரு. ஒண்ணும் இல்லைன்னு சொல்ற மொகத்த நீங்க பாக்கணும்.

துப்பாக்கி வைக்கற இரும்பு அலமாரிச் சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாது, உங்க சட்டப்படி. முப்பத்தி நாலு வருஷம் ஒருத்தனோட துணியத் தொவைச்சவளுக்குத் தெரியாம எங்க ஒளிச்சு வைப்பான்? வேணும்னா அதுக்கு என் மேல எழுதுங்க. இப்ப அவரு எறங்கி வந்ததும் நீங்க அலமாரியத் திறக்கச் சொல்வீங்க. ரைஃபிள் இருக்கும், பூட்டு நல்லா இருக்கும், குண்டு தனியா இருக்கும். போல்ட்டுக்குன்னு தனிப் பெட்டி, உங்க ஆளுங்க சொன்ன மாதிரியே சுவத்துல அடிச்சு வச்சிருக்காரு. அது காலியா இருக்கும். தொலைச்சுட்டாரு, அஜாக்கிரதைன்னு எழுதிடாதீங்க. அவரு தொலைக்கல.

இந்தாங்க, போல்ட்டு. இவ்ளோதான், ஒரு ஜாண் கூட இல்ல, ஆனா இது இல்லாம அது சுடாது. மூணு வாரமா இந்த ஸ்வெட்டர் பையிலதான் இருக்கு. சர்ச்சுக்கு இதோடதான் போறேன், கோழிக்குத் தீனி போடவும் இதோடதான். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பயப்படறது தப்புன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. அந்த ஒரு பாடத்த மட்டும் நான் கேக்கறதா இல்ல.

அவரோட மத்த துப்பாக்கியா? பெரிய ரைஃபிள லாக்லன் நான் இந்த போல்ட்ட எடுத்த அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்டான், நான் கேட்டேன், அவன் ஏன்னு கேக்கல. அதை முயலுக்கு யாரும் எடுக்கறதில்ல, அதனால தேடலைன்னு வச்சுக்கலாம். ஆனா இது தினமும் சாயங்காலம் எடுக்கறது. அதோ, அவரு பைக் சத்தம். கேட்டைத் திறந்து வரணும், இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகும்.

ஏழாவதுக்கு ஆமான்னு எழுதுங்க. அவரு கையில துப்பாக்கி இருந்தா எனக்குக் கவலையா இருக்குன்னு, என் பேரப் போட்டே எழுதுங்க. மேடு போனாப் போகுது, முயல் தின்னுட்டுப் போகட்டும்.

மூணு வாரமா அந்தப் பெட்டி காலியா இருக்கு தம்பி. மேடு பூரா முயல். போல்ட் எங்க மொய்ரான்னு இன்னைக்கு வரைக்கும் அவரு என்னக் கேக்கல.