கூட்டத்துக்கு இரண்டு நாற்காலிகள்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு புது பிளாஸ்டிக் நாற்காலிகளோடு ஓர் அம்மாள் ஏறினார். எனக்கு முன்னால் இருந்த பெண்ணுக்கு அவரைத் தெரிந்திருந்தது.

“என்னக்கா, பஸ்ஸுல சீட்டு இருக்காதுன்னு நெனச்சிட்டீங்களா?”

“சமாதானக் கூட்டத்துக்குலா. சாயந்தரம், கோயில் மண்டபத்துல.”

“தோட்டத்துல மேல் லயத்து வீட்டுக்காரங்களுக்கும் கீழ் லயத்து வீட்டுக்காரங்களுக்கும் நடந்த சண்டைதானே? இன்னுமா பேசறாங்க?”

“அந்தச் சண்டையால ரெண்டு வருசமா திருவிழா இல்ல. போன கூட்டத்துல ஆம்பளைங்களுக்கு மட்டும் நாற்காலி. பொம்பளைங்க பின்னால நின்னோம். நான் வாயத் தொறந்தா, ‘நிக்கிறவங்க தேத்தண்ணி கலக்கிக் கொண்டாங்க’ன்னாங்க. அடிபட்டது எம்மவன். போலீஸ் கேசு வேணுமா வேணாமான்னு என்னை யாரும் கேக்கல.”

“வேணுமாக்கா?”

“வேணாம். அதத்தான் சொல்லணும். உக்காந்துட்டா எழுப்ப மாட்டாங்கள்ல.”

“அதுக்கு ஒண்ணு போதுமே. இன்னொண்ணு யாருக்கு?”

அம்மாள் மேல் நாற்காலியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டினார்.

“எம்மவன அடிச்சவனோட அம்மாவுக்கு. போன தடவை என் பக்கத்துலதான் நின்னா. முட்டி வலிக்காரி. வாய் விட்டுச் சொல்ல மாட்டா.”